விசேஷ டிவிடிகளில் ஒலி குறைவு: ஸ்பீக்கர் வாங்கலாமா, ஒலியைத் திருத்தி எழுதலாமா?

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), முன்னோருக்குப் படையலிடும் படைப்பு என்று நம் வீடுகளில் எடுத்துவைத்த டிவிடிகள் பலவற்றில் படம் நன்றாகவே இருக்கும். ஆனால் டிவியின் ஒலியை முழுவதும் ஏற்றினாலும் பேச்சு காதில் விழாது. காரைக்குடியில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டு டிவிடிகளுக்காக எல்லா வழிகளையும் பார்த்த பிறகு, ஒலியைத் திருத்திப் புது டிவிடியில் எழுதிக்கொள்வதையே நான் தேர்ந்தேன்.

செலவில்லாத வழிகளை முதலில் பார்த்துவிடலாம். கணினியில் விஎல்சி என்ற மென்பொருள் கொண்டு ஓட்டினால், ஒலியை நூறு சதவீதத்துக்கு மேலும் ஏற்ற முடியும். டிவிடி பிளேயரின் அமைப்புகளில் இரவு நேர ஒலி அல்லது டைனமிக் ரேஞ்ச் என்ற பெயரில் ஒரு வசதி இருந்தால், டால்பி டிஜிட்டல் என்ற ஒலி வடிவில் பதிவான டிவிடிகளுக்கு அது ஓரளவு கைகொடுக்கும். இவற்றால் குறை தீர்ந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை.

அடுத்தது, டிவியோடு தனி ஸ்பீக்கரை இணைப்பது. ஒருமுறை வாங்கினால் எல்லா டிவிடிகளுக்கும் பயன்படும் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும், முட்டைச் சுண்ணாம்பு பூசிய வழவழப்பான சுவர்களும், உயர்ந்த கூரையும் கொண்ட செட்டிநாட்டு வீட்டில் ஒலியை ஏற்ற ஏற்ற எதிரொலியும் சேர்ந்தே ஏறும். சத்தம் கூடும், சொல் தெளியாது. கேட்பவருக்கு அருகிலேயே ஸ்பீக்கரை வைத்தால் இந்தக் குறை பெருமளவு குறையும் என்பதையும் சொல்ல வேண்டும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. இங்குள்ள வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்து, பொங்கலுக்கோ படைப்புக்கோ திறக்கப்படுகின்றன. அப்படி மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ரிமோட்டின் பேட்டரி கசிந்து கம்பி பச்சை பூத்திருக்கும், இணைப்பு முனைகளில் தூசியும் களிம்பும் ஏறியிருக்கும், எந்த ஒயர் எங்கே செருக வேண்டும் என்பது சென்னையில் இருக்கும் தம்பிக்கு மட்டுமே தெரிந்திருக்கும். மேலும், அந்த ஸ்பீக்கர் அந்த ஒரு வீட்டில் மட்டுமே பயன்படும்; அதே டிவிடியின் நகல் தேவகோட்டையில் அப்பத்தாவிடமும் மலேசியாவில் சித்தப்பா வீட்டிலும் இருந்தால், அங்கெல்லாம் பழைய குறை அப்படியேதான் இருக்கும். திருத்தி எழுதிய டிவிடிக்கோ இந்தக் கவலை எதுவும் இல்லை. எழுதிய டிவிடியைப் படிக்கும் எந்தப் பிளேயரில் போட்டாலும், யார் போட்டாலும் பேச்சு கேட்கும்.

திருத்தும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. டிவிடியில் படமும் ஒலியும் அடங்கிய விஓபி கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்து, அவற்றின் ஒலியை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்: தாலி கட்டும் திருப்பூட்டு நேரத்துக் கெட்டிமேளம் உச்சக் கோட்டைத் தொட்டு நிற்கும், வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து பேசியவர்களின் பேச்சு நடுக்கோட்டை ஒட்டி மெலிந்து கிடக்கும். உச்சத்தை அளவாக வைத்து ஒலியைச் சமன்செய்யும் சாதாரண நார்மலைஸ் இங்கே பயன்படாது, ஏனெனில் உச்சம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. உரத்த இடங்களை அடக்கி, மெல்லிய இடங்களை உயர்த்தும் கம்ப்ரசர் என்ற கருவிதான் வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் டைனாட்நார்ம் (dynaudnorm) என்ற வடிகட்டி மெல்லிய இடங்களை உயர்த்தும் வேலையைத் தானே செய்கிறது. 10 டெசிபெல் உயர்ந்தால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு சத்தமாகத் தோன்றும் என்பதால், பேச்சுக்கு அந்த அளவே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் மின்விசிறியின் இரைச்சலும் முன்னால் வந்து நிற்கும்.

திருத்திய ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் டால்பி டிஜிட்டலாக மாற்றும்போது பேச்சின் ஒலியளவைப் பிளேயருக்குச் சொல்லும் டயல்நார்ம் என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். அது கழித்தல் 27 என்று இருந்தால் பிளேயர் 4 டெசிபெல் குறைத்தே ஒலிக்கும். கழித்தல் 31 என்று வைத்தால் குறைக்காது. படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுக்கலாம் என்பதால் அதன் தரம் குறையாது. முகப்பு மெனு மட்டும் போய்விடக்கூடும். அதை மீண்டும் அமைப்பது கூடுதல் வேலை. மூல டிவிடியை எக்காரணம் கொண்டும் தூக்கி எறியக் கூடாது.

நான் திருத்தியவை எல்லாம் இரண்டு தட (ஸ்டீரியோ) ஒலி கொண்டவை. ஆறு தட (5.1) ஒலி கொண்ட டிவிடிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றில் பேச்சு பெரும்பாலும் நடுத்தடத்தில் இருப்பதால், முதலில் பிளேயரின் ஒலி வெளியீட்டை ஸ்டீரியோவுக்கு மாற்றி, அந்த நடுத்தடமும் சேர்ந்து ஒலிக்கிறதா என்று பார்ப்பதே நல்லது. அதிலேயே பேச்சு தெளிந்துவிட்டால், அந்த டிவிடியைத் திருத்தி எழுதாமல் விட்டுவிடுவேன்.