பாரிஸ் கடிகாரமா, வைஃபை கடிகாரமா: புதுச்சேரி வீட்டுக்கு எது ஒத்துவரும்?

போன ஜூலையில் பாரிஸிலிருந்து வந்த மாமா ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். "ரேடியோ கடிகாரம் மாப்ளே. பேட்டரி போட்டா போதும், தானா நேரம் வச்சிக்கும்" என்றார். போட்டோம். மூன்று முள்ளும் விறுவிறுவென்று சுற்றி 12-ல் போய் நின்றன. பத்து நிமிடம் அசையவே இல்லை. பிறகு அங்கிருந்தே ஓட ஆரம்பித்தது. வெளியே மாலை ஆறரை மணி.

கடிகாரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. அது காத்திருந்தது ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் பக்கம் மைன்ஃப்ளிங்கனிலிருந்து வரும் டிசிஎஃப்77 என்ற நேரம் சொல்லும் ரேடியோ அலைக்காக. அலைவரிசை 77.5 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு ஒரு பிட் வீதம், ஒரு நிமிடத்தில் மணி, நிமிடம், தேதி எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆனால் அது எட்டுவது சுமார் 2,000 கிலோமீட்டர். நாம் இருப்பது 7,000-க்கும் அப்பால். ஜப்பானிலும் சீனாவிலும் இதேபோல் நிலையங்கள் உண்டு, ஆனால் அந்த அலைவரிசைகள் இந்தக் கடிகாரத்துக்குப் புரியாது. ஜெர்மன் அலையே கிடைத்தாலும், அது சொல்வது ஜெர்மன் நேரம்; நமக்கும் அதற்குமுள்ள நாலரை மணி (கோடையில் மூன்றரை மணி) வித்தியாசத்தை வைக்க இதில் வழியில்லை.

பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்து முள்ளைக் கையால் நகர்த்தலாம். அப்புறம் அது சாதா குவார்ட்ஸ் கடிகாரம்தான். இல்லாத அலையைத் தினமும் தேடுவதால் பேட்டரிக்குத்தான் தண்டச் செலவு.

ஒரு குறுக்கு வழி உண்டு. 15.5 கிலோஹெர்ட்ஸை ஐந்தால் பெருக்கினால் 77.5. சில ஃபோன் ஆப்கள் 15.5-ல் ஒலி எழுப்பி, அதன் ஐந்தாம் மடங்கில் கசியும் மெல்லிய அலையாலேயே கடிகாரத்தை ஏமாற்றிவிடும். நம்ம ஊர் நேரத்தையே ஜெர்மன் நேரம் மாதிரி அனுப்பலாம். இயர்ஃபோன் ஒயரைச் சுருட்டிக் கடிகாரத்தின் முதுகில் ஒட்டவைத்தேன். மூன்றாவது முயற்சியில் முள் தானாகச் சுற்றி 9:42-ல் நின்றது. வீடே கைதட்டியது.

ஆனால் தினமும் யார் இதைச் செய்வது? ஜிபிஎஸ் கடிகாரம் துல்லியத்தில் ராஜா. ஆனால் வானம் தெரிய வேண்டும். கான்கிரீட் ஹாலுக்கு மாடியிலிருந்து ஒயர் இழுக்க நான் தயாரில்லை.

வைஃபை கடிகாரம்தான் என் கட்சி. நோட்எம்சியு என்ற சின்ன வைஃபை போர்டில் நானே செய்தேன். நேரத்தை டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரிலிருந்தே வாங்கலாம். வருவது உலகப் பொது நேரம் (யுடிசி). இந்திய நேரத்துக்கு அதோடு ஐந்தரை மணி, அதாவது 19,800 வினாடி கூட்ட வேண்டும், அவ்வளவுதான். இதன் எதிரி கரண்ட். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு எங்கள் தெரு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. அப்படி ஒரு நாளில் ரூட்டரும் செத்துவிடும். அதற்காகவே டிஎஸ்3231 சில்லு ஒன்றைச் சேர்த்தேன். பொத்தான் பேட்டரியிலேயே நேரத்தைக் காத்துவைக்கும். வருடத்துக்கு ஒரு நிமிடம் பிசகினால் அதிகம்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்குச் சாதா குவார்ட்ஸே போதும். மாதத்துக்குப் பதினைந்து, இருபது வினாடி தப்பும். ஃபோனைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் பேட்டரி முனையில் பச்சை பூக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

என் வைஃபை கடிகாரம் சமையலறையில் இருக்கிறது. ஹாலில் பாரிஸ் கடிகாரமேதான். இந்த ஜூலையிலும் மாமா வருகிறார். முதல் நாள் ராத்திரியே இயர்ஃபோனைச் சுருட்டி வைத்துவிட வேண்டும்.