ஆஸ்லோ நேஷனல் மியூசியம்: 'அலறல்' பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள்

சென்னையிலிருந்து மகன் வீடு, மகள் வீடு என்று நார்வேயின் ஆஸ்லோவுக்குப் போகிறவர்கள் பனி, ஃபியோர்டு படகு எல்லாம் முடித்துவிட்டு, மழை பிடித்துக்கொண்ட நாளில்தான் இங்கே வருகிறார்கள், வந்தாலும் எட்வர்ட் முங்க்கின் 'அலறல்' ஓவியத்துக்கு முன்னால் ஒரு செல்ஃபி, அரை மணியில் வெளியே. அநியாயம். துறைமுகத்தை ஒட்டி 2022 ஜூனில் திறந்த கட்டடம் இது, சுமார் 6,500 பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அதில் ஓவியம் ஒரு பகுதிதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பால்டிஷோல் என்ற ஊர் தேவாலயத்தில் கிடைத்த கம்பளி நெசவு. எண்ணூறு வருஷத்துக்கும் மேலே பழசு. அதில் ஏப்ரல் மாதம் தாடி வைத்த ஆளாக மரத்தடியில் நிற்கிறது, மே மாதம் குதிரைமேல் வீரனாக வருகிறது. காஞ்சிபுரத்துத் தறியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சீக்கிரம் நகர மாட்டார்கள். நார்வேயின் பழைய மகாராணி மாடின் கவுன்களும் உண்டு, அந்த இடுப்பளவைப் பார்த்தால் அந்த அம்மாள் சாப்பிட்டாரா என்றே சந்தேகம் வரும். நாற்காலி, கண்ணாடிச் சாமான் அறைகள்தான் முடிவே இல்லாமல் போகின்றன, பாதியைத் தாண்டிவிடலாம்.

சரி, 'அலறல்'. 1893-இல் அட்டையில் வரைந்தது, அதனால் வெளிச்சம் குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். இடது மேல் மூலையில் பென்சிலில் பொடியாக ஒரு வரி: பைத்தியக்காரனால்தான் இதை வரைந்திருக்க முடியும் என்று. யாரோ கிறுக்கியது என்று நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள், எழுதியது முங்க்கேதான் என்று 2021-இல் மியூசியமே உறுதி செய்தது. முன்னால் கூட்டம் நிற்கும், கொஞ்சம் பொறுத்திருந்து அந்த மூலையைப் பாருங்கள்.

ஆனால் இந்த மியூசியத்தின்மேல் எனக்கு மரியாதை வந்தது வேறொன்றால். மாரெட் ஆன்னே சாரா என்ற கலைஞர் ('சாமி' என்ற வடக்கத்திப் பழங்குடி இனத்தவர்), தம்பியின் கலைமான் மந்தையைக் குறைக்கச் சொன்ன அரசை எதிர்த்து, குண்டு துளைத்த 400 கலைமான் மண்டை ஓடுகளைத் திரையாகக் கோத்து 2017-இல் நாடாளுமன்றத்துக்கு முன்னால் தொங்கவிட்டார். வழக்கில் தம்பி உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அதே திரையை அரசு மியூசியமே வாங்கி, திறப்பின்போது நுழைவுக் கூடத்தில் மாட்டியது. நம் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இப்படி ஒன்றை நினைத்துப் பார்க்க முடிகிறதா? வெண்கலச் சிலைகளில் எழும்பூரை யாரும் தொட முடியாது, அது வேறு பேச்சு, ஆனால் நம் ஊரில் அதற்குச் 'செத்த காலேஜ்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

தற்காலிகக் கண்காட்சிகளும் அடிக்கடி மாறும், லூயிஸ் பூர்ஷ்வா, கிரேசன் பெர்ரி, ராத்கோ என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கலைஞர்களாக. போவதற்கு முன் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ரூபாயில் கணக்குப் போட வேண்டாம், வயிறு எரியும். 18 வயதுக்குக் கீழே இலவசம், பேரப் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். எழும்பூருக்கு வெள்ளி லீவு மாதிரி இங்கே திங்கள்.