கடற்புல் தொட்டிக்கு லைவ் ராக்: எவ்வளவு வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

பவளத் தொட்டிக்காரர்களின் பழைய கணக்கு 8 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ லைவ் ராக், அதாவது கடல் உயிர்கள் குடியிருக்கும் துளைப்பாறை. கடற்புல் தொட்டிக்கும் அதையே போட்டால் கல் குவாரிதான் மிஞ்சும். புல்லுக்கு வேண்டியது வேர் பரவ மணல். பாறை உட்காரும் இடமெல்லாம் புல் இழக்கும் இடம். நீளம் 60, அகலம் 40, உயரம் 45 செ.மீ. உள்ள தொட்டிக்கு 4 கிலோ போதும், 6 கிலோவுக்கு மேல் போகவே வேண்டாம். இங்கே பாறை விதை மாதிரி. பாக்டீரியா, புழு, கோப்பிபாட் என்ற நுண் ஓட்டுயிரி, சிறு நத்தை எல்லாம் அதிலிருந்துதான் மணலுக்குள் இறங்கும். கழிவைச் சமாளிக்கும் வேலையை மணலும் புல்லும் பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் விலை குறைந்த உலர் பாறை போதாதா? வடிவம் அமைக்கப் போதும். பூச்சித் தொல்லையும் கிடையாது. ஆனால் அதில் உயிர் எதுவும் இல்லை. பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் அம்மோனியா குறையும், புழுவும் கோப்பிபாடும் வராது. பையில் அடைத்து விற்கும் ‘லைவ் சாண்ட்’ கதையும் இதுதான்: பாக்டீரியா இருக்கலாம், மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பைக்குள் புழு உயிரோடு இருக்காது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். உலர் பாறை பாதி, நல்ல லைவ் ராக் பாதி என்று வாங்குவதே எங்கள் தேர்வு.

கடையில் கல்லை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பதப்பட்ட, அதாவது செத்தவை அழுகித் தீர்ந்த கல்லில் கடல் வாசனைதான் வரும். அழுகிய முட்டை நாற்றமோ வெள்ளைக் கொழகொழப்போ இருந்தால் உள்ளே உயிர்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஊதா நிறப் பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம்; அந்தப் பாசி கனமான, துளையில்லாத கல்லிலும் வளரும். அளவுக்கு எடை குறைவாக, துளை நிறைந்ததாக இருப்பதே நல்ல கல். பவளப் பாறைக் கற்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருபவை; எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கடையில் வாங்காதீர்கள். செம்பு மருந்து போட்ட தொட்டியிலிருந்து வந்த கல்லும் வேண்டாம். கல்லில் ஊறிய செம்பு மெல்லக் கசிந்து நத்தையையும் இறாலையும் கொல்லும்.

வாங்கியதும் தனி டப்பில் பதப்படுத்த வேண்டும். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25 டிகிரி, நல்ல நீரோட்டம், விளக்கு வேண்டாம். அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ‘சைக்கிள் ஆகட்டும்’, அதாவது பாக்டீரியா பெருகி அம்மோனியா தானாகக் குறையட்டும் என்று விட்டுவிட்டால், எந்த உயிர்களுக்காகக் காசு கொடுத்தோமோ அவையே முதலில் சாகும். 2 முதல் 6 வாரம் பிடிக்கும். நண்டோ மாண்டிஸ் இறாலோ ஒளிந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், அடர்த்தி 1.035க்கு மேல் உள்ள உப்புநீரில் சில நிமிடம் முக்கினால் வெளியே ஓடிவரும். கொஞ்சம் கோப்பிபாடும் அதில் போகும். கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். ஜோவாந்திட் என்ற பவள உறவு உயிரி ஒட்டியிருந்தால் பாலிடாக்ஸின் நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டில் இருப்பவர்களையே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

தொட்டிக்குள் முதலில் கல், பிறகு மணல். கல் கண்ணாடித் தரையில் அல்லது பிவிசி கால்களில் நிற்க வேண்டும். மணல்மேல் வைத்தால், அடியில் ஏதாவது தோண்டும்போது சரிந்து கண்ணாடியில் மோதும். மணல் சர்க்கரை அளவு அரகோனைட் (ஒருவகைச் சுண்ணாம்பு மணல்), 12 செ.மீ. ஆழம். மேலே சொன்ன தொட்டிக்கு 40 கிலோ அளவுக்குத் தேவைப்படும். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மணலின் ஈரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 80 லிட்டர் தண்ணீர், அதற்கு உப்பு 3 கிலோ. ஆவியாவதை ஈடுகட்ட ஆர்.ஓ. நன்னீரை மட்டும் ஊற்றுங்கள்.

புல்லில் ஹாலோடூலே தொடக்கத்துக்கு நல்லது. தலாசியாவுக்கு 15 செ.மீ.க்குக் குறையாத மணல் வேண்டும், இடம் மாற்றினால் மாதக்கணக்கில் கோபித்துக்கொள்ளும். என்ஹாலஸ் இலை ஒரு மீட்டரைத் தாண்டும், வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. கடற்புல் என்ற பெயரில் காலர்பா பாசியை விற்பதும் உண்டு: இலையில் நரம்பும் தண்டில் கணுவும் இல்லையென்றால் அது புல் அல்ல.

அம்மோனியா பூஜ்ஜியமான பிறகும் ஒரு மாதம் பொறுத்து நடுங்கள். மட்டநிலத்தண்டை (மணலுக்குள் கிடையாக ஓடும் தண்டு) 2–3 செ.மீ. ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து, வளர்நுனி உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நுனி போன துண்டு பெரும்பாலும் வளராமல் பச்சையாக இருந்தபடியே ஏமாற்றும். முதல் சில வாரம் இலை பழுத்து உதிரும், பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

பிறகு வரும் தோல்விகளில் பாதிக்குக் காரணம் அதீத சுத்தம். பெரிய ஸ்கிம்மரும் (நுரையோடு கழிவை நீக்கும் கருவி) பாஸ்பேட் நீக்கியும் போட்டால் புல் பட்டினி கிடக்கும். நைட்ரேட் 5 பிபிஎம் அளவில் இருக்கட்டும். பூஜ்ஜியத்தில் நின்றால் 80 லிட்டருக்கு 0.65 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் அந்த அளவுக்குக் கொண்டுவரும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. பைகார்பனேட்டையே புல் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் காரத்தன்மையை 8–10 டிகேஎச்சில் வைத்தால் போதும். வெள்ளை விளக்கு 10–12 மணி நேரம்.

இலைமேல் படரும் பாசியைச் செரித் நத்தைகள் மேய்ந்துவிடும். முயல்மீனையும் கடல் முள்ளெலியையும் விட்டால் புல்லையே மேயும். மணலைச் சலிக்கும் கோபி மீனும் நட்சத்திர மீனும் ஆகாது. மணலில் அங்கங்கே கரும்புள்ளி தெரிந்தால் கிளறாதீர்கள்: அது இரும்பு சல்பைடு, அங்கே ஹைட்ரஜன் சல்பைடு உருவாவதன் அடையாளம்; ஆழத்தில் இருக்கும்வரை பெரிய சேதமில்லை. கருமை மேற்பரப்பு வரை ஏறினால் தீனியைக் குறைத்து, அந்தப் பக்கம் நீரோட்டத்தைக் கூட்டுங்கள்.