என்விடிஏ போதுமா, ஜாஸ் வாங்கணுமா?

ஆன்லைனில் பி.ஏ. பொருளாதாரம் சேரப்போகும் நண்பன் கேட்டான்: "மச்சி, என்விடிஏ போதுமா? இல்ல, கடன வாங்கியாவது ஜாஸ் வாங்கிடவா?" இரண்டுமே கணினித் திரையில் இருப்பதைப் பார்வையற்ற எங்களுக்குக் குரலில் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்கள்; ஜாஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது.

என்விடிஏ அருமையான ஸ்கிரீன் ரீடர். பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது; இன்றைக்கும் இலவசம். பாட வீடியோவின் எழுத்து வடிவம், கலந்துரையாடல் பக்கம், அட்டவணை எதிலும் எனக்குப் பெரிய தொல்லை இல்லை.

தொல்லையெல்லாம் படத்தில்தான். ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் விவரம், இல்லாத படத்தை என்விடிஏ பெரும்பாலும் சத்தமில்லாமல் தாண்டிவிடும். "மேலே உள்ள வரைபடத்தைக் கவனிக்கவும்" என்று அடுத்த வரி வரும்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். இன்ஸர்ட்டோடு ஆர் அழுத்தினால், படத்துக்குள் இருக்கும் எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் ஓடும். பி, கியூ, டி, எஸ், ஜீரோ என்று எழுத்துகளைப் பொறுக்கித் தரும். கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிலும் போட்டுப் பார்த்தேன். அழகாக விவரித்தது, தேவையும் அளிப்பும் சந்திக்கும் சமநிலை விலையை மட்டும் தப்பாகச் சொன்னது. பரீட்சைக்கு அந்த விலைதானே வேண்டும்!

இத்தனைக்கும் எங்கள் பாடம் ஓடும் மூடில் என்ற இணையப் பாடத் தளத்தில், படத்தை ஏற்றும்போதே 'பார்க்க முடியாதவருக்காக இதை விவரியுங்கள்' என்று கேட்கும். பக்கத்திலேயே 'அலங்காரப் படம் மட்டும்' என்று ஒரு டிக். எழுதச் சோம்பல்பட்டால் டிக் போட்டுவிட்டுப் போகலாம். எங்கள் பாடத்தில் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் அலங்காரம்! கல்லூரி லோகோவுக்கு மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் முழு விவரம்.

சரி, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நுண்பொருளியல் எடுக்கும் மேடம் இப்படி எழுதுகிறார்: "விலை செங்குத்து அச்சில், அளவு கிடை அச்சில். தேவைக்கோடு இடமிருந்து வலமாக இறங்குகிறது, அளிப்புக்கோடு ஏறுகிறது. 40 ரூபாய், 60 கிலோவில் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன." அவ்வளவுதான். பேப்பரில் குச்சி வைத்து நானே அந்தப் படத்தை அமைத்துவிடுவேன். எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது.

வினாடி வினா தனிக் கூத்து. விவரித்தால் விடை தெரிந்துவிடுமாம், அதனால் எழுதவில்லையாம். அச்சையும் கோடுகளையும் சொல்லி, 'உபரி' (தேவைக்கு மேல் மிஞ்சும் சரக்கு) என்ற பெயரை மட்டும் விட்டால் போதுமே. ஒரு தடவை 'உபரியைக் காட்டும் படம் எது?' என்று கேட்டு, நான்கு படங்களையும் இணைப்பாக (லிங்க்) கொடுத்திருந்தார்கள். இணைப்புக்குள் இருக்கும் படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் இல்லையென்றால் என்விடிஏ கோப்பின் பெயரைப் படிக்கும். மூன்றாவது படத்தில் "சர்ப்ளஸ் ஃபைனல்" என்று காதில் விழுந்தது; சர்ப்ளஸ் என்றால் உபரிதானே. முழு மதிப்பெண்! ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆக, ஜாஸ் வாங்காதே. யார் படித்தாலும் எழுதாததைப் படிக்க முடியாது. அந்தக் காசை வைத்துக்கொள். செமஸ்டர் தொடங்கும் முன்பே ஆசிரியருக்கு மெயில் போடு, மேடம் எழுதிய அந்த நாலு வரியை மாதிரியாக இணைத்து. என்விடிஏவுக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், இன்றைக்கு மூன்றுதான் தருவேன். அநியாயம்தான், என்விடிஏ மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நேற்று இரவு வந்த புதுப் பாடத்தில் பதினோரு ஸ்லைடு, எல்லாமே படம்.