"கேஸ் தீர்ந்துபோச்சு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்: கிருஷ்ணகிரியில் எங்களுக்கு நடந்தது

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வீட்டில் ஏசி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன சித்திரையில் எங்களிடம் 3,800 ரூபாய் ஏமாற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. நன்றாக இருந்த பெட்டியில் இல்லாத பழுதை உண்டாக்கி வைத்துவிட்டுப் போனார்களே, அதுதான் இன்னும் மனம் ஆறவில்லை.

எங்கள் வீடு ராயக்கோட்டை சாலைப் பக்கம். மாமா, அத்தை படுக்கும் அறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, வாங்கி நாலு வருடம். மாமாவுக்கு 76 வயது, வெயில் ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் எங்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் 18-இல் வைத்தும் அறை குளிரவில்லை. பதறிப்போய், ஏசி கம்பெனியின் பெயரையும் ஊர் பெயரையும் போட்டுப் போனில் தேடினேன். முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றுதான் பேசினார்கள். அது கம்பெனி எண்ணே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வாரண்டி அட்டையிலேயே சரியான எண் இருந்தது, அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் பைக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஃபில்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, நேராக மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டி, "மேடம், முள்ளைப் பாருங்க" என்றான் ஒருவன். முதலில் 130 பக்கம் நின்ற முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 40-க்கு வந்தது. "கேஸ் சுத்தமா தீர்ந்துபோச்சு, இப்படியே ஓட்டினா கம்ப்ரசர் போயிடும்" என்றான். என் கணவர் ஓசூரில் வேலையில் இருந்தார். அவருக்குக் காட்டலாம் என்று அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். கண்ணால் பார்த்த பிறகு என்ன சொல்ல முடியும்? சரி, போடுங்கள் என்றோம்.

பேர் ஒட்டாத ஒரு சிலிண்டரில் இருந்து கேஸ் ஏற்றினார்கள். முள் ஏறியது. 3,800 ரூபாய், பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள், வரவே இல்லை. போகிற போக்கில் "சர்க்யூட் போர்டும் வீக்கா இருக்கு, கழற்றிக்கிட்டுப் போய் சரி பண்ணித் தர்றோம், 6,500 ஆகும்" என்று ஆரம்பித்தார்கள். "என் மகன் வராம ஒரு சாமானும் இந்த வீட்டை விட்டுப் போகாது" என்று அத்தை வாசலில் நின்றுவிட்டார். அந்த ஒரு வார்த்தையால் போர்டு தப்பியது.

அன்று சாயங்காலம் கோடை மழை பெய்ததால் அறை குளிர்ந்தது போலத்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் முன்னைவிட மோசம். அவுட்டோரில் இருந்து கிளம்பும் சின்ன பைப்பின் மேல் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. அந்த எண்ணுக்குப் போட்டால் எடுக்கவில்லை.

அப்புறம் அத்தையின் தம்பி சொல்லி, காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் அந்த வீடியோவைக் காட்டினேன். இரண்டாவது தடவை ஓடும்போது நிறுத்தச் சொன்னார். "முள்ளை விடும்மா, அவன் கையைப் பாரு."

பார்த்தேன். ஒருவன் கேஜைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறான். இன்னொருவன் கீழே குனிந்து, சின்ன பைப் வால்வின் பித்தளை மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே அலன் கீ என்கிற ஆறுமுனைச் சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருக்கிறான். நானே எடுத்த வீடியோவில் நானே அதைக் கவனிக்கவில்லை.

அவர் சொன்ன விளக்கம் இது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வால்வை மூடினால், கேஸ் எல்லாம் அவுட்டோர் பக்கமே தேங்கிவிடும். பெரிய பைப்பில் மாட்டிய கேஜில் முள் இறங்கும். ஏசியை வேறு வீட்டுக்கு மாற்றும்போது கேஸ் வீணாகாமல் இருக்க மெக்கானிக்குகள் செய்கிற வேலைதான். அதையே எங்களை ஏமாற்றப் பயன்படுத்தியிருக்கிறார்கள். போகும்போது வால்வை முழுசாகத் திறக்கவும் இல்லை, பனி பிடித்தது அதனால்தான். அவர் திறந்துவிட்டு, கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பிடித்தபோது, அவுட்டோரில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் போட்டிருப்பதைவிட அதிகமாகக் கரண்ட் இழுத்தது. ஏற்கெனவே சரியாக இருந்த கேஸுக்கு மேல் இன்னும் ஏற்றியிருந்தார்கள்.

சரி, முதலில் ஏன் குளிரவில்லை? பக்கத்து வீட்டில் இரண்டு மாதமாகத் தரைக்கு கிரானைட் அறுத்து ஒட்டினார்கள். நம் ஊரில் இது இல்லாத தெரு கிடையாது. அந்த மாவு முழுக்க எங்கள் அவுட்டோர் காயிலில் படிந்து, மேலே ஈரம் பட்டு, சுண்ணாம்பு பூசியது போல் இறுகியிருந்தது. அறையின் சூட்டை வெளியே தள்ளுவது அந்தக் காயில்தான். அது அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. மெயினை அணைத்து, காயிலின் மெல்லிய தகடுகள் வளையாதபடி மெதுவாகத் தண்ணீர் விட்டு அவர் கழுவியபோது சாம்பல் நிறத்தில் வழிந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் கழுவல் மட்டும்தான்.

உள்ளே என்ன கேஸ் கலந்திருக்கிறது என்று தெரியாததால் முழுவதையும் எடுத்துவிட்டு, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்ச வேக்குவம் பம்ப் போட்டு, ஆர்-32 என்கிற கேஸைப் புதிதாக நிரப்பினார். சிலிண்டரை எடை மெஷின் மேல் வைத்து, விவரத் தகட்டில் இருந்தபடி 780 கிராம். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய வகை என்பதால் பக்கத்தில் யாரும் நெருப்பு கொண்டுவரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லாம் சேர்த்து இன்னொரு 4,200.

இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தைச் சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதை அடைக்காமல் மேலே மேலே ஏற்றினால் அதுவும் போய்விடும். என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அவுட்டோர் தகட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதிலும் இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் மாறமாற முள்ளும் மாறும், கேஜை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எடை மெஷின் இல்லாமல் கேஸ் போட வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வீடியோ எடுத்தால் ஆளின் கையையும் சேர்த்து எடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் எங்கள் கையில் பில் இல்லை, பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டோம். அந்த வீடியோவை வைத்துத்தான் பேச வேண்டும். நேற்றும் தேடிப் பார்த்தேன், அதே எண் இன்னும் முதலிலேயே வருகிறது.