ஆட்டோகேடில் ஹாட்ச்சும் கோடும்: 14 வருட அனுபவம்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் நான். 14 வருடமாக ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் மோனோபிளாக் பம்புகளின் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பவை) வெட்டுத் தோற்றத்தைத்தான் பெரும்பாலும் வரைகிறேன். கேசிங், இம்பெல்லர், சீல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டுப்பட்ட பகுதியைச் சாய்கோடுகளால் நிரப்பும் ஹாட்ச் சரியாக விழவில்லை என்றால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது.

சேர்ந்த புதிதில் என் படம் ஒன்று பிளாட்டரிலிருந்து (பெரிய தாளில் படம் அச்சிடும் எந்திரம்) மை கொட்டியதுபோல வந்தது. அங்குலக் கணக்கில் தொடங்கிய பழைய கோப்பில் நான் மில்லிமீட்டரில் வரைந்திருந்தேன். நாம் வழக்கமாகப் போடும் 45 டிகிரி சாய்கோடு, ஏ.என்.எஸ்.ஐ 31 என்ற பேட்டர்ன், அங்குலக் கோப்பில் 0.125 அங்குல இடைவெளியில் விழும், மெட்ரிக் கோப்பில் 3.175 மி.மீ. ஹாட்ச் ஸ்கேலை 25.4 ஆக்கியதும் சரியானது. 'மெஷர்மென்ட்' என்ற அமைப்பு மாறியை 1 (மெட்ரிக்) என்று வைத்தாலும் போதும், ஆனால் அது அதன்பிறகு போடும் ஹாட்ச்சுக்குத்தான்.

அப்புறம் மூடாத மூலைகள். இடைவெளி இருந்தால் மென்பொருள் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். அதைத் தேடி அடைக்கச் சோம்பல்பட்டு, எவ்வளவு இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று சொல்லும் கேப் டாலரன்ஸை 0.5 என்று வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹாட்ச் அழகாக நிரம்பியது. ஆனால் கோடு மூடவில்லையே! அதே கோப்பு, கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரத்தின் புரோகிராமரிடம் போனதும் புரொஃபைல் (வெளிவடிவக் கோடு) திறந்திருக்கிறது என்று திரும்பி வந்தது. அன்றிலிருந்து டாலரன்ஸ் பூஜ்யம்தான்.

கோடுகளில் என்னை அதிகம் படுத்தியது மறைகோடு, அதாவது உள்ளே மறைந்திருப்பதைக் காட்டும் விட்டுவிட்டு வரும் கோடு. கேசிங்கின் நத்தைக்கூடு போன்ற வால்யூட் வளைவைச் சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்த பாலிலைனாக வரைந்தால், துண்டுக்குத் துண்டு கோட்டு வகை புதிதாகத் தொடங்கும். துண்டு குட்டியாக இருந்தால் இடைவெளியே விழாது, முழுக்கோடாகத் தெரியும். கோட்டு வகையின் அளவை மாற்றும் எல்டிஸ்கேலை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போன பிறகுதான் 'பிலைன்ஜென்' என்ற மாறி கண்ணில் பட்டது. 1 என்று வைத்தேன், முடிந்தது. தடிமனில் குழப்பமே இல்லை: வெளிக்கோடு 0.5 மி.மீ., ஹாட்ச் 0.25 மி.மீ.

மனம்விட்டுப் பாராட்ட வேண்டியது, எல்லையை இழுத்தால் ஹாட்ச்சும் கூடவே நகர்வதை. சுவர்த்தடிமன் நாலு தடவை மாறும் வேலையில் இது பெரிய நிம்மதி.

எதை நிரப்பக்கூடாது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. ஷாஃப்ட், அதில் செருகும் சாவி (கீ), போல்ட், தாங்குவதற்கு வைக்கும் மெல்லிய சுவரான ரிப் இவற்றை வெட்டுத்தளம் நீளவாக்கில் கடந்தால் ஹாட்ச் போடக்கூடாது. பாலிடெக்னிக்கில் எஸ்.பி. 46 என்ற இந்திய வரைபடத் தர நூலைப் பார்த்துப் படித்ததுதான். இருந்தும் ஒருமுறை அவசரத்தில் மோட்டார் பிராக்கெட்டின் ரிப்புக்குள் கிளிக் செய்துவிட்டேன். மூடிய இடம், கேள்வி கேட்காமல் நிரப்பிக் கொடுத்தது. உலோகம் ஊற்றி வார்க்க மாதிரி அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப் பெரியவர் படத்தை எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கே வந்தார்.

"ஏந்தம்பி, இந்த எடத்துல சுத்தியும் சாலிடா ஊத்தணுமா?"

தலையைச் சொறிந்துகொண்டு திருத்திக் கொடுத்தேன். இப்போதும் புதுப் படம் போனால், அளவுகளைப் பார்ப்பதற்கு முன்னால் ரிப் வெள்ளையாக இருக்கிறதா என்றுதான் அவர் தேடுவார்.