5 அங்குல வழிகாட்டிக் கருவி: சென்னைச் சாலைகளில் ஆறு மாதம்

எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிற காலத்தில் காருக்கென்று தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. காரணம் அப்பாதான். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். அதிலேயே வழி பார்க்கலாம் என்றாலும், நடுவில் யாராவது அழைத்து வரைபடம் மறைந்துவிட்டால் அவருக்குப் பதற்றம் வந்துவிடும். எனவே ரிச்சி தெருவில் ஒரு கடையில், 9,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக, ஆரம்ப நிலைக் கருவி ஒன்றை வாங்கினோம். அதில் இணைய வசதி கிடையாது. வரைபடம் முழுவதும் கருவிக்குள்ளேயே இருக்கிறது.

பொருளின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரை அழுத்தினால்தான் வேலை செய்கிற பழைய வகை. விரல் நுனியைவிட நகம் நன்றாகப் பயன்படுகிறது. பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை என்பதால் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து ஒரு ஒயர் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். முன் கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் பிடிப்பான் மே மாத வெயிலில் இரண்டு முறை கழன்று விழுந்தது. பிற்பகலில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால், எதிர்வெயில் கண்ணில் அடித்துத் திரையில் ஒன்றுமே தெரியாது. குரலை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் இந்த மலிவுக் கருவி என்னை ஏமாற்றவில்லை. வீட்டுக் கீழ்த்தளத்து நிறுத்துமிடத்தில் இருக்கும்போது அதற்கு எதுவும் தெரியாது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை கான்கிரீட்டைத் தாண்டி வராது. வெளியே வந்து தெருமுனையில் ஒரு நிமிடம் நின்றால் போதும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது; கைப்பேசி அதை இணையத்தின் வழியாக நொடியில் வாங்கிக்கொள்கிறது, இதுவோ வானத்திலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிடத் தாமதத்தைக் குறை என்று நான் எண்ணவில்லை.

தொல்லை முகவரியில்தான் தொடங்குகிறது. மயிலாப்பூரில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நம் ஊர் வழக்கப்படி பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என இரண்டையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்; எதைத் தட்டினாலும் தெருவின் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. முதல் பிரதான சாலை என்று தேடினால் இன்னும் மோசம். ஒவ்வொரு நகரிலும் ஒரு முதல் பிரதான சாலை இருக்கிற இந்த ஊரில், திரை திரையாக வந்த பட்டியலில் எல்லாவற்றுக்கும் எதிரே வெறுமனே "சென்னை" என்றுதான் இருந்தது. எது அடையாறு, எது அம்பத்தூர் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டலிலும் அது பிடிவாதம் பிடிக்கிறது: திருவான்மியூரை ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்து எழுதினால் ஒரு பட்டியல், சேர்க்காவிட்டால் வேறு பட்டியல். கடைசியில் கைப்பேசியில் அந்த வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்து, அவற்றைக் கருவியில் தட்டினேன். வாசல் கேட்டுக்கு நேராகவே கொண்டுபோய் விட்டது. கைப்பேசி வேண்டாம் என்றுதான் இதை வாங்கினோம் என்பதை அப்பா அப்போது நினைவூட்டினார்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள 'டாக்டர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை அது 'டிரைவ்' என்று விரித்துப் படிக்கிறது. செயின்ட் தாமஸ் மவுண்ட் அதன் வாயில் 'ஸ்ட்ரீட் தாமஸ் மவுண்ட்' ஆகிவிடுகிறது. முதல் வாரம் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

மேம்பாலங்களில் நேர்வதைச் சிரித்துக் கடக்க முடியாது. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால் இடத்தைவிட உயரத்தைக் கணிப்பதில் பிழை அதிகம். அதோடு, பாலத்தின் மேலே போகும் சாலையும் அதன் கீழே போகும் சாலையும் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. 1973-இல் கட்டப்பட்ட அண்ணா மேம்பாலத்தை நெருங்கும்போது, நேரே போகிறவர் மேலே ஏற வேண்டும், கத்தீட்ரல் சாலைக்குத் திரும்புகிறவர் கீழேயே இருக்க வேண்டும் என்பதை அது சொல்வதற்குள் நாம் ஏதோ ஒரு பக்கம் ஏறியோ இறங்கியோ விட்டிருப்போம். கத்திப்பாராவில் நாங்கள் கீழே போய்க்கொண்டிருக்க, அது நாங்கள் மேலே இருப்பதாக எண்ணிக்கொண்டு, அங்கே இல்லாத ஓர் இடப்பக்கத் திருப்பத்தை மூன்று முறை வற்புறுத்தியது. ஊரை அறிந்தவர் என்பதால் அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. வெளியூரிலிருந்து முதல் முறையாக வருகிறவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

வரைபடத்தின் வயது அடுத்த குறை. வாங்கிய புதிதில், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அதில் இல்லவே இல்லை. புறநகர்ப் பேருந்து நிலையம் என்றால் கோயம்பேட்டைத்தான் காட்டியது. கணினியில் இணைத்துப் புதுப்பித்தோம். இரவு தொடங்கியது காலையில்தான் முடிந்தது. அதன் பிறகு கிளாம்பாக்கம் வந்துவிட்டது. ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காக ஆற்காடு சாலைப் பக்கம் வைக்கப்பட்டுள்ள தடுப்புகளும், அவ்வப்போது மாறுகிற ஒருவழிகளும் எந்தப் புதுப்பித்தலிலும் வருவதில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் நின்று அடைத்து வைத்திருந்த துரைசாமி சுரங்கப்பாதை வழியாகவே தியாகராய நகருக்குப் போகச் சொன்ன கருவியிடம், போக்குவரத்து நெரிசலைப் பற்றி எதிர்பார்க்கவே வேண்டாம். மாலை ஆறு மணி அண்ணா சாலையும் அதிகாலை ஆறு மணி அண்ணா சாலையும் அதற்கு ஒரே சாலைதான்.

ஊரைத் தாண்டியதும் இதே கருவி வேறு முகம் காட்டுகிறது. திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், பிறகு ஜவ்வாது மலைக்கும் போனபோது, என் கைப்பேசியில் சிக்னல் அற்றுப்போன வளைவுகளிலும் அது ஒரு திருப்பத்தைக்கூடத் தவறவிடவில்லை. அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்று பெரிய எழுத்தில் காட்டியபடியே வந்தது. திரும்பும் வழியில் இரவாகிவிட்டபோது, அப்பா முதல் முறையாக என்னிடம் வழி கேட்காமல் ஓட்டினார்.

ஆகவே தினமும் சென்னைக்குள் ஓட்டுகிறவருக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் போகிறவர், கைப்பேசியோடு மல்லுக்கட்ட விரும்பாதவர் வாங்கலாம். வரைபடப் புதுப்பித்தல் எத்தனை ஆண்டுக்கு இலவசம் என்பதைக் கடையிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், நாங்கள் அதைச் செய்யவில்லை. எங்கள் கருவி இப்போது வாரநாட்களில் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கிறது. வண்டி செங்கல்பட்டுச் சுங்கச்சாவடியை நெருங்கும்போதுதான் அப்பா அதை எடுத்து மாட்டச் சொல்கிறார்.